சென்னியப்பன் வீட்டுச் செருமல்

சென்னியப்பனின் தொண்டையை விட்டு அவருடைய செருமல் வெளியே வந்த அன்று கருக்கம்பாளையத்தில் யாரும் ஆச்சரியப்படவில்லை. யார் சொன்ன கைவைத்தியத்தால் அது வெளியே வந்தது என்பதில்தான் கிழக்கு வீதி இரண்டுபட்டது. தூதுவளை ரசம்தான் என்று ஒரு வீட்டார் சாதித்தார்கள், நொச்சி இலை ஆவிதான் என்று எதிர்வீட்டார் மல்லுக்கு நின்றார்கள், சித்தரத்தையை வாயில் அடக்கிக்கொள்ளச் சொன்ன தன்னை ஒருவரும் நினைக்கவில்லை என்று மூலை வீட்டுக்காரி யாரோடும் பேசாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஒரு மனிதனின் செருமல் அவன் இல்லாமல் தனியாகத் தெருவில் நடந்துபோவதைப் பற்றி மட்டும் யாரும் வாயைத் திறக்கவில்லை. சென்னியப்பனைவிட அவருடைய செருமல்தான் அவர்களுக்கு அதிகம் பழக்கம்.

சென்னியப்பன் நாச்சிமுத்துவின் மஞ்சள் கிடங்கில் மேற்பார்வை பார்ப்பவர். வேகவைத்துக் காயவைத்த மஞ்சளை இரும்பு உருளையில் போட்டுச் சுற்றவிட்டு மெருகேற்றும் இடம் அது. உருளை சுற்றச் சுற்றத் தூசி எழும்பி, சுவர் மஞ்சள், மின்விசிறி மஞ்சள், அங்கே எலி பிடிக்கிற வெள்ளைப் பூனையும் மஞ்சள் என்று ஆகி, அந்தக் காற்றையே வருஷக்கணக்கில் இழுத்துவிட்டதில் சென்னியப்பனின் தொண்டையிலும் ஒரு சளி வந்து உட்கார்ந்துகொண்டது. காறினால் வராது, விழுங்கினால் போகாது, விருந்துக்கு வந்துவிட்டுக் கிளம்ப மறந்த சம்பந்தி மாதிரி நடுவில் இருந்துகொண்டது. அதை நகர்த்துவதற்காகத்தான் அவர் முதலில் செருமினார். செருமினால் மூட்டை தூக்குகிற ஆட்கள் பேச்சை நிறுத்தி நிமிர்ந்து நிற்கிறார்கள் என்பதைக் கண்டார். அதற்குப் பிறகு சளிக்காகச் செருமியது எது, ஆட்களுக்காகச் செருமியது எது என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

வீட்டிலும் அதே கதைதான். கல்யாணமான புதிதில் மனைவியைப் பேர் சொல்லிக் கூப்பிட அவருக்கு நாக்குக் கூசியது, பெரியவர்கள் இருக்கிற வீட்டில் அது வழக்கமும் இல்லை, ஆகவே வாசலில் நின்று செருமினார், அவள் தண்ணீர்ச் செம்போடு வந்தாள், காரியம் முடிந்துவிட்டது. காரியம் முடிகிறபோது பேர் எதற்கு என்று அப்படியே விட்டுவிட்டார். குட்டையாகச் செருமினால் தண்ணீர், இழுத்துச் செருமினால் இங்கே வா, சாப்பிடுகிறபோது செருமினால் குழம்பில் உப்பு சரியில்லை, அடுத்தடுத்துச் செருமினால் வந்து உட்கார்ந்திருக்கிற பக்கத்து வீட்டுக்காரியை அனுப்பிவிடு என்று, மகள் பிறந்து வளர்ந்து கோயமுத்தூருக்குக் கட்டிக்கொடுத்துப் போனபிறகும் அந்த வீடு செருமலிலேயே நடந்தது. அவளுக்கும் ஒரு பேர் இருந்தது. கல்யாணப் பத்திரிகையில் இருந்தது, ரேஷன் கார்டில் இருந்தது. வீட்டுக்குள் அதற்கு வேலை இல்லாததால், இந்தக் கதையிலும் அது வரவேண்டிய நேரத்தில் வந்தால் போதும்.

கடைசியில் அந்தச் சளி எல்லை மீறியது. படுத்தால் தொண்டையை அடைத்தது, சாப்பிட்டால் ஒவ்வொரு கவளத்துக்கும் குறுக்கே வந்து நின்றது. ஈரோட்டில் தொண்டை டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "தூசியில நிக்காதீங்க, நின்னாலும் மூக்கு வாயைக் கட்டிக்குங்க. வெதுவெதுன்னு தண்ணி நெறையக் குடிங்க, உப்புத் தண்ணியில கொப்பளிங்க, ஆவி புடிங்க, தலையைச் சித்த ஒசத்தி வச்சுப் படுங்க. பெருசா ஒண்ணும் இல்லீங்க," என்றார். ஊசி போடாத டாக்டரைச் சென்னியப்பன் டாக்டர் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அவருடைய மனைவி சேர்த்தாள்.

அவள் அடுப்படியில் உப்புத் தண்ணீர் காய்ச்சுகிறாள் என்று தெரிந்ததுதான் தாமதம், கிழக்கு வீதியே வைத்தியத்துக்கு இறங்கிவிட்டது. ஒருத்தி தூதுவளை பறித்துக்கொண்டு வந்தாள், ஒருத்தி நொச்சியை ஒடித்துக்கொண்டு வந்தாள், ஒருத்தி தன் மாமனாரின் சளியை ஆடாதோடை எப்படி வேரோடு பிடுங்கியது என்று நடித்தே காட்டினாள். இதில் ஒரு சிக்கல் உண்டு. மறுநாள் விடிந்தால் ஒவ்வொருத்தியும் மதில் ஓரமாக வந்து, "நாஞ் சொன்னதைச் செஞ்சீங்களாக்கா?" என்று கேட்பாள். செய்யவில்லை என்றால் மனத்தாங்கல். ஒருத்தி சொன்னதைச் செய்து இன்னொருத்தி சொன்னதை நாளைக்குத் தள்ளினால் அது இன்னும் பெரிய மனத்தாங்கல். ஆகவே அவள், யாருக்கும் குறை வைக்கக்கூடாது என்கிற ஒரே நல்லெண்ணத்தில், ஒரு வெள்ளிக்கிழமை எல்லாருடைய வைத்தியத்தையும் ஒரே நாளில் செய்து முடித்தாள்.

விடிந்ததும் உப்புத் தண்ணீர், பல் விளக்கிய கையோடு இஞ்சிச் சாறும் தேனும், வெயில் ஏற ஆடாதோடைக் கஷாயம், மத்தியானம் தூதுவளை ரசம், அது வயிற்றில் இறங்குவதற்குள் வாயில் சித்தரத்தை, அது கரைவதற்குள் துளசி, பொழுது சாய மிளகும் மஞ்சளும் தட்டிப்போட்ட பால். மஞ்சளால் வந்த சளிக்கு மஞ்சளா என்று சென்னியப்பன் கண்ணாலேயே கேட்டார். கண்ணால் கேட்கிற கேள்விக்கு அவளுக்குப் பதில் சொல்லிப் பழக்கமில்லை, டம்ளரை நீட்டினாள். விளக்கு வைக்கிற நேரத்தில் நொச்சி இலை கொதித்த அண்டாவை இறக்கி அவர் முன்னால் வைத்து, தலையோடு கம்பளியால் மூடினாள். உள்ளேயிருந்து முதலில் தும்மல் வந்தது, பிறகு இருமல் வந்தது, பிறகு அத்தனை வருஷத்துச் சளியும் இளமஞ்சள் நிறத்தில் கட்டிகட்டியாகப் பக்கத்துச் சட்டியில் வந்து விழுந்தது. கடைசியாக, அவர் வாயை மூடிக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது, கம்பளிக்கு வெளியே, அடுக்களை நிலைப்படிக்குப் பக்கத்தில், இழுத்து ஒரு செருமல் கேட்டது.

"இதோ வந்துட்டனுங்க," என்று அவள் செம்பை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனாள்.

கம்பளியை விலக்கிய சென்னியப்பன், தன் மனைவி வெறும் நிலைப்படிக்கு முன்னால் நின்று பணிவாகத் தண்ணீர் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். அவளை இந்தப் பக்கம் கூப்பிடுவதற்காகச் செருமினார். ஒன்றும் வரவில்லை. தொண்டை கழுவிக் கவிழ்த்த செம்பு மாதிரி சுத்தமாக இருந்தது.

மறுநாள் காலையில் செருமல் அதன் நேரத்துக்கு எழுந்தது, வாசல்வரை போனது, பால்காரரைப் பார்த்து வழக்கமான சந்தேகத்தோடு செருமியது. "சத்தியமாத் தண்ணி கலக்கலீங்க," என்று பால்காரர் வழக்கம்போலச் சொல்லிவிட்டு, பின்னால் நின்ற சென்னியப்பனைப் பார்த்து, "சித்த நகந்துக்குங்க, அண்ணன் நிக்கறாரு," என்றார்.

முதலில் இரவல் கேட்டது பக்கத்து வீட்டுச் சுகந்தி டீச்சர். அவள் புருஷன் மஸ்கட்டில் இருந்தான். தண்ணீர் சுத்தம் பண்ணுகிற மிசின் விற்கிறவன் ஒருவன், வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, தினமும் சாயங்காலம் வந்து கதவில் கை ஊன்றி நின்று, சார் எப்போ வருவாரு, சார் எப்போ வருவாரு என்று கேட்டுக்கொண்டிருந்தான். அவள் மதில் மேலே தலையை நீட்டினாள்.

"அக்கோவ், உங்கூட்டுச் செருமலைச் சித்த அனுப்பி வைக்கறீங்களா? அந்தக் கெரகம் இன்னைக்கும் வந்து நிக்குது."

சென்னியப்பனின் மனைவி வெந்நீர் டம்ளர் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள், செருமல் அதன் பின்னாலேயே போனது, டீச்சர் வீட்டு உள்ளறையில் போய் ஒரே ஒரு தடவை இழுத்துச் செருமியது. மிசின்காரன் செருப்பைக்கூடச் சரியாக மாட்டவில்லை. அதற்குப் பிறகு கிழக்கு வீதியில் காப்பித்தூளும் உறைமோரும் இரவல் கேட்பதுபோலச் செருமலும் இரவல் போய்வந்தது. புருஷன் வெளியூரில் இருக்கிறவர்கள் கேட்டார்கள், புருஷன் இல்லாதவர்கள் கேட்டார்கள், புருஷன் வீட்டிலேயே இருந்தும் ஒரு பிரயோஜனமும் இல்லாதவர்கள் சற்று அதிகமாகவே கேட்டார்கள். வெந்நீர் மட்டும் வேளாவேளைக்கு வைக்கவேண்டும், வேறு ஒரு தொந்தரவும் இல்லை, ஆள் வந்தால் சோறாக்கவேண்டும், இதற்கு அதுவும் வேண்டாம் என்று அதன் குணத்தைப் புகழ்ந்தார்கள்.

கிடங்கில் நாச்சிமுத்து, முதலாளியாக இருந்தும் நல்ல மனுஷர், சென்னியப்பனைத் தனியாக அழைத்துத் தோளில் கை போட்டார்.

"டாக்டரு தூசி ஆகாதுன்னு சொல்லியிருக்காருல்லீங்க. எதுக்கு ஒடம்பக் கெடுத்துக்கறீங்க? நீங்க வூட்டுல இருங்க. அது மட்டும் வந்தாப் போதும். அதுக்குத் தூசி என்ன பண்ணப்போகுது?"

அன்றிலிருந்து செருமல் காலையில் கிடங்குக்குப் போய்ச் சாயங்காலம் திரும்பியது. மாரியம்மன் கோயில் பொங்கல் சாட்டி நாள் குறிக்கிற கூட்டத்தில் அதற்கு முன்வரிசையில் ஒரு நாற்காலி போட்டார்கள். யாராவது நீட்டி முழக்கிப் பேசினால் அது செருமியது, பேசியவர் உட்கார்ந்துவிட்டார், இத்தனை சீக்கிரம் முடிந்த கூட்டத்தை ஊர் கண்டதில்லை. பூசாரி திருநீற்றுத் தட்டை அந்த நாற்காலிக்கு நேராக நீட்டி, மரியாதையாகக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றார். நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்த சென்னியப்பனிடம் தட்டு வந்தபோது அதில் திருநீறு இல்லை.

அவருக்கு வயிறெரிந்தது. இன்னொரு சளியைப் பிடித்துவிட்டால் இன்னொரு செருமல் வந்துவிடாதா என்று, வீட்டுக்குத் தெரியாமல் பஸ் ஸ்டாண்டில் ஐஸ்கிரீம் தின்றார், எருமைத் தயிரில் வாழைப்பழம் பிசைந்து தின்றார், மழையில் தலையைக் காட்டிக்கொண்டு நின்றார், கிடங்கின் பின்பக்க ஜன்னலில் மூக்கை வைத்து, தன் பழைய தூசியைத் திருடன் மாதிரி இழுத்துப் பார்த்தார். ஒரே நாளில் உள்ளே போன வைத்தியத்தின் வேகம் அப்படி, ஒரு பொட்டுச் சளி கட்டவில்லை. ஈரோட்டு டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, இந்தச் சுத்தத்தில் ஒரு தொண்டையைத் தான் படித்த புத்தகத்தில்கூடப் பார்த்ததில்லை என்று பூரித்துப்போய் அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டார்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் மத்தியானம், செருமல் கிடங்குக்குப் போயிருந்த சமயம், வெளியே போயிருந்த சென்னியப்பன் வீட்டுக்குத் திரும்பினார். முன்னால் அறிவிக்க ஒன்றும் இல்லாததால் அவர் வந்தது யாருக்கும் தெரியவில்லை. அடுக்களையில் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கி, அடங்கி, மறுபடியும் பொங்கிச் சிரிக்கிற சிரிப்பு. டிவி ஓடுகிறது என்று நினைத்தார். டிவி ஓடவில்லை. டீச்சரின் குரலாக இருக்கும் என்று நினைத்தார். டீச்சர், "அய்யோ போதுங்க்கா, மேல சொல்லுங்க," என்றாள். சிரித்தது அவருடைய மனைவி.

"அப்பறம் என்ன, புளியங்காயைப் பள்ளிக்கூடப் பைக்கட்டுக்குள்ள அமுக்கிட்டு ஓடறேன், தோட்டக்காரரு தடியைத் தூக்கிட்டு வர்றாரு, முன்னால பாத்தா வாய்க்காலு. பையோட பாவாடையோட வாய்க்கால்லயே வுழுந்துட்டனே..."

சென்னியப்பன் கதவுக்குப் பின்னால் அப்படியே நின்றார். இவள் புளியங்காய் திருடினாளா, இவளுக்கு ஓடத் தெரியுமா, இப்படி ஒருத்தியா இத்தனை வருஷம் இந்த அடுப்படியில் இருந்தாள் என்று காதைக் கதவோடு ஒட்ட வைத்துக்கொண்டார். விஷயம் அப்போதுதான் அவருக்குப் பிடிபட்டது. இத்தனை காலமும் அந்தச் செருமல் அவருக்கு முன்னால் வீட்டுக்குள் போய், சிரிப்பையும் பேச்சையும் பெருக்கித் தள்ளிவிட்டு, வெறும் வீட்டுக்குள்தான் அவரை விட்டிருக்கிறது. அவருக்குத் துக்கமாக இருந்தது. அதைவிட, அந்த வாய்க்காலில் விழுந்த பிறகு என்ன ஆயிற்று என்று தெரிந்தே ஆகவேண்டும்போல இருந்தது.

அன்றைக்கென்று கிடங்கில் கரண்ட் போய்விட்டது. வாசலில் செருமல் கேட்டது. உள்ளே பேச்சு பாதி வார்த்தையில் நின்றது. "நாளைக்கு வாங்க டீச்சர்," என்று அவள் சொல்வதும் செம்பில் தண்ணீர் விழுவதும் கேட்டன. டீச்சர் பின்வாசல் வழியாகப் போனாள். சென்னியப்பன் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தச் சத்தத்தைக் கெட்ட வார்த்தையில் திட்டினார், மனதுக்குள்தான்.

மீதிக் கதையைக் கேட்கவேண்டுமானால் அவளைக் கூப்பிடவேண்டும். கூப்பிட அவரிடம் ஒன்றும் இல்லை. "இந்தா," என்றார், எதையோ கொடுக்கிறார் என்று அவள் கையை நீட்டினாள். "இங்க பாரு," என்றார். அவள் ஜன்னலைப் பார்த்தாள். கையைத் தட்டினார், வடகம் காய்கிற இடத்தில் காக்காய் விரட்டுகிறார் என்று நினைத்து, "நல்லா வெரட்டுங்க," என்றாள். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அவள் பேரைச் சொல்லிப் பழகிப் பார்த்தார். முதல் எழுத்துக்கே காதெல்லாம் சூடாகி, ஊரே கதவுக்கு வெளியே நின்று கேட்பதுபோல வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஐப்பசி மழையில் பின்கட்டில் துவைக்கிற கல்லைச் சுற்றிப் பாசி பிடித்திருந்தது. காலையில் கை கழுவப் போன சென்னியப்பன் அதில் வழுக்கி, ஒரு கால் மடங்கிக் கீழே விழுந்தார். எழ முடியவில்லை. எழப் பார்த்தால் கணுக்காலில் வலி உயிர் போனது. மேலே தூறல், கீழே தண்ணீர், அடுக்களையில் மிக்சி ஓடுகிற சத்தம். முன்பென்றால் ஒரே ஒரு செருமல், எங்கே இருந்தாலும் அவள் வந்து நிற்பாள். அந்தச் செருமல் இந்நேரம் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்களை மிரட்டிக்கொண்டிருந்தது.

"இந்தா!" என்று கத்தினார். "ஏய்! வூட்டுல யாரு!"

மிக்சி ஓடிக்கொண்டே இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது, வலியா பயமா அவருக்கே தெரியவில்லை, இங்கேயே இப்படியே கிடந்து போய்ச் சேர்ந்தால்கூடச் சாயங்காலம் வெந்நீர் அதற்குத்தான் போகும் என்று தோன்றியது. மூச்சை இழுத்தார்.

"மயிலாத்தா!"

மிக்சி நின்றது. அந்தச் சுத்தமான தொண்டையில் எந்தத் தடையும் இல்லாமல் அந்தப் பேர் மதிலைத் தாண்டித் தெருவரை போயிருக்கவேண்டும். உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது.

"டீச்சர், ஆரோ ஆரையோ கூப்படறாங்க. வாசல்ல ஆருன்னு சித்தப் பாருங்க."

"இங்க ஆரையும் காணமுங்க்கா," என்றது மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து டீச்சரின் குரல்.

"அப்படிங்களா," என்றாள் அவள். மிக்சி மறுபடியும் ஓடத் தொடங்கியது.

மழையில் கிடந்த சென்னியப்பனுக்குக் கணுக்காலைவிட அது வலித்தது. இருந்த பலத்தையெல்லாம் சேர்த்தார். "மயிலாத்தா! உன்னையத்தான்! நாந்தான் கூப்படறேன், மயிலாத்தா!"

இந்தத் தடவை மிக்சி நின்றது நின்றதுதான். பிறகு பின்வாசலில் அவள் வந்து நின்றாள், கையெல்லாம் மாவு. கீழே கிடந்தவரைப் பார்த்தாள். ஓடிவந்து தூக்குவதற்கு முன்னால் அவளுக்கு ஒன்று தெரிய வேண்டியிருந்தது.

"என்னையவுங்களா கூப்பிட்டீங்க?"

"ஆமா."

"பேரச் சொல்லியா?"

"வேற எப்படிக் கூப்படறது," என்றார் சென்னியப்பன், ஏதோ காலம்பூராவும் அப்படித்தான் கூப்பிட்டதுபோல.

அவள் பக்கத்தில் ஈரத்திலேயே உட்கார்ந்து அவர் காலை எடுத்து மடியில் வைத்துத் தடவிப் பார்த்தாள். "ஒடையலீங்க. சுளுக்குத்தான். புடிச்சுக்கிட்டு எந்திரிங்க."

"இரு. அந்த வாய்க்கால்ல வுழுந்தயே, பைக்கட்டோட. அப்பறம் என்னாச்சு?"

அவள் கை நின்றது. "அதை எப்பக் கேட்டீங்க?"

"கதவுக்குப் பொறகால நின்னு கேட்டேன். பாதிதான் கேட்டேன்."

அந்த நேரம் பார்த்து வாசலில் செருமல் கேட்டது. மழைக்குக் கிடங்கை மூடிவிட்டார்கள்போல, சீக்கிரமே திரும்பியிருந்தது, இழுத்து, அழுத்தமாக, இங்கே வா என்று செருமியது. மயிலாத்தாளின் உடம்பு தானாகப் பாதி எழுந்தது. அத்தனை வருஷத்துப் பழக்கம். சென்னியப்பன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், பிடித்து உட்காரவைக்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை. பாதி எழுந்தவள் அப்படியே நின்று, மடியில் இருந்து நழுவிய அந்தக் காலைப் பார்த்தாள், வாசல் பக்கம் பார்த்தாள், மறுபடியும் உட்கார்ந்தாள்.

"சித்த இரு!" என்று வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "வேலையா இருக்கறேன்!"

வாசல் திகைத்துப்போயிருக்கவேண்டும். கொஞ்ச நேரம் கழித்து மிகச் சின்னதாக, தண்ணீர் மட்டும் கிடைத்தால் போதும் என்பதுபோல, ஒரு குட்டைச் செருமல் வந்தது. அதற்கும் யாரும் எழுந்திருக்காததால் அது படியிறங்கி, டீச்சர் வீட்டுப் பக்கமாகப் போகிற சத்தம் கேட்டது.

"அன்னைக்கு வாய்க்கால்ல தண்ணி முழங்காலுக்குத்தானுங்க," என்று மயிலாத்தாள் ஆரம்பித்தாள். "ஆனா நான் முழுகிச் செத்த மாதிரியே கெடந்தேன். தோட்டக்காரரு பயந்துபோயித் தடியைப் போட்டுட்டு, 'அய்யோ புள்ள போச்சே'ன்னு..." அதற்கு மேல் சொல்ல முடியாமல் அவளுக்குச் சிரிப்பு பொங்கியது. வேட்டியெல்லாம் நனைந்து குளிர் ஏறிக்கொண்டிருந்தது, இப்படியே இருந்தால் நாளைக்குச் சளி பிடிப்பது நிச்சயம், தூக்கிவிடச் சொல்லவேண்டும் என்கிற நினைப்பே இல்லாமல் சென்னியப்பன் அந்தச் சிரிப்பைப் பக்கத்தில் இருந்து பார்த்தார். பிறகு, கைக்கெட்டுகிற தூரத்தில் உட்கார்ந்திருந்தவளை, ஒரு காரணமும் இல்லாமல், "மயிலாத்தா," என்று கூப்பிட்டார்.

"ஒருக்காக் கூப்பிட்டாப் போதுமுங்க," என்றாள் அவள். "காது நல்லாத்தான் கேக்குது."